பாலைக் கொட்ட வேண்டாம், பாப்பாவுக்குக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு ஒன்பது வாரப் பெண் குழந்தை. தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்துவந்தேன். நான்கு நாட்களுக்கு முன் இடது மார்பு சிவந்து, கல் மாதிரி பால் கட்டிக்கொண்டு, 102 டிகிரி காய்ச்சல் வந்தது. டாக்டர் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை ஏழு நாளைக்கும், வலிக்கு இபுப்ரோஃபெனும் எழுதினார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் பாலூட்டும் தாய்மார்கள் தவிர்ப்பது நல்லது என்று போட்டிருந்தது. பயந்துபோய் மூன்று நாளாகப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பவுடர் பால் கொடுக்கிறேன். தைராய்டு மாத்திரையும் போடுகிறேன், அதுவும் ஆபத்தா? சாயங்காலமானால் குழந்தை விடாமல் அழுகிறாள். வாயு என்று சொல்லி வீட்டில் எனக்குப் பால், பருப்பு, முட்டைக்கோஸ், பூண்டு, ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். காபியும் கிடையாது. பால் ஊற ஒரு பவுடரும், முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரையும் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறேன். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று ஒரு பட்டியல் தர முடியுமா? இரவில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. அதற்கு மாத்திரை எதுவும் கேட்கவில்லை, பால் கெட்டுவிடுமே என்று. (ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் அப்புறம். முதலில் பாப்பாவைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை அவள் குடிக்கும்போது படித்தால் போதும்.

உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு மருந்துகளும் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை. வலிக்கிற மார்பிலிருந்து வரும் பாலும் கெட்டுப்போன பால் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம். சொல்லப்போனால், இந்த நிலையில் திடீரென்று பால் கொடுப்பதை நிறுத்துவதுதான் உங்களுக்கு ஆபத்து. பால் தேங்கித் தேங்கி உள்ளே சீழ்க்கட்டியாக மாறலாம். மூன்று நாளும் விடாமல் பீய்ச்சியதால் பால் வற்றியிருக்காது. அந்த மட்டில் நல்லதே செய்திருக்கிறீர்கள். பாட்டிலில் குடித்துப் பழகியதால் முதல் இரண்டு மூன்று முறை பாப்பா முரண்டு பிடிக்கலாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, உடலோடு உடல் ஒட்ட வைத்துக்கொண்டு முயன்றால் பிடித்துக்கொள்வாள்.

கட்டியிருக்கும் மார்பை முழுக்கக் காலி செய்ய வேண்டும் என்று மணிக்கணக்கில் பீய்ச்ச வேண்டாம். எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு ஊறும், வீக்கம் இன்னும் கூடும். அழுத்தி உருவிவிடவும் வேண்டாம், அது உள்ளே திசுவைக் காயப்படுத்தும். பால் கொடுத்து முடித்தபின் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும். மாத்திரை தொடங்கி 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இன்னும் காய்ச்சல் இருந்தாலோ, ஒரே இடத்தில் உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டாலோ இன்றைக்கே போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். சீழ் இருந்தால் மாத்திரை மட்டும் போதாது, அதை வெளியே எடுக்க வேண்டும். அப்போதும் பால் கொடுக்கலாம்.

சரி, இப்போது அந்தத் தாள்.

மருந்து பாலில் வருமா என்று கேட்டால், அநேகமாக எல்லா மருந்துமே கொஞ்சமாவது வரும். ஆகவே அந்தக் கேள்வியால் பயனில்லை. எவ்வளவு வருகிறது, வந்தது பிள்ளையின் வயிற்றைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறதா, போனால் அந்த வயதுப் பிள்ளையை அது என்ன செய்யும் என்றுதான் கேட்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பாலூட்டும் தாய்மாரிடம் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்காததால், தங்கள் பாதுகாப்புக்குத் ‘தவிர்க்கவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது யாரும் அளந்து பார்த்து எழுதிய வரி அல்ல.

அளந்து பார்த்தால் என்ன தெரிகிறது? உங்கள் பாப்பா ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 150 மில்லி கணக்கில் நாளொன்றுக்கு 750 மில்லி பால் குடிப்பாள். ஒரு கிராம் அமாக்சிசிலின் விழுங்கிய தாய்மாரின் பாலைச் சோதித்தபோது, உச்சத்தில்கூட லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் இருந்தது. அப்படியானால் நாள் முழுக்கக் குடித்தாலும் அவளுக்குப் போவது முக்கால் மில்லிகிராம். இதே பாப்பாவுக்குத் தொற்று வந்து நானே அமாக்சிசிலின் எழுதினால் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எழுதுவேன். மலம் கொஞ்சம் இளகிப் போகலாம், வாயில் வெள்ளை படியலாம். அதைத் தவிர வேறொன்றும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இபுப்ரோஃபென் இதைவிடவும் குறைவு.

மருந்துகளை எடைபோட எங்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. தாய் தன் எடையில் கிலோவுக்கு எவ்வளவு மருந்து சாப்பிடுகிறாள், பால் வழியாகப் பிள்ளைக்குக் கிலோவுக்கு எவ்வளவு போகிறது என்று ஒப்பிடுவோம். அது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. உங்கள் இரண்டு மருந்துகளும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் நிற்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் பாலுக்குள் நுழைவதே சிரமம். நுழைந்தாலும் பிள்ளையின் வயிறு செரித்து அழித்துவிடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்பு என்பது மூடி போட்ட பாட்டில் இல்லை. தாயின் ரத்தத்தில் மருந்து ஏறும்போது பாலிலும் ஏறும். ரத்தத்தில் இறங்க இறங்க, பாலில் இருப்பதும் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். பீய்ச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் வெளியேறும் என்று நினைப்பது தவறு. மதுவுக்கும் இதே விதிதான்: கொட்டுவதால் பயனில்லை, நேரம் போனால்தான் இறங்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். டாக்டரான புதிதில், மூன்று வாரப் பிள்ளையோடு வந்த ஓர் அம்மாவிடம், அவர் சாப்பிட்ட ஒரு ஆன்டிபயாடிக்கின் தாளைப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் பால் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பாலைப் பீய்ச்சச் சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து வந்தார். பால் ஏறக்குறைய நின்றேவிட்டது. என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்கள் சொன்னபடிதான் டாக்டர் செய்தேன்” என்றார். அந்த மருந்து பாலில் எவ்வளவு வருகிறது என்று நான் அன்றைக்குத் தேடிப் பார்க்கவே இல்லை. அதன்பிறகு தேடாமல் யாருக்கும் நிறுத்தச் சொன்னதில்லை. உங்கள் டாக்டரும் தேடிப் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2006இல் தொடங்கிய லாக்ட்மெட் என்ற தரவுத்தளமும், ஸ்பெயினில் குழந்தை மருத்துவர்கள் நடத்தும் இ-லாக்டான்சியாவும் இலவசம். மருந்தின் பெயரைப் போட்டால் பாலில் அளந்த அளவே வந்துவிடும்.

பிள்ளையின் வயது மிக முக்கியம். பால் வழியாக மருந்து போய்த் தொந்தரவு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவான நூறு சம்பவங்களை 2003இல் ஒரு குழு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அதில் 63 பிள்ளைகள் ஒரு மாதத்துக்கும் குறைவானவர்கள். ஆறு மாதம் தாண்டியவர்கள் நான்கே பேர். பிறந்த குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் வேலை பழகவில்லை, அதனால்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். உங்கள் பாப்பா இரண்டு மாதம் தாண்டிவிட்டாள், ஆரோக்கியமாகவும் இருக்கிறாள்.

உண்மையிலேயே ஆபத்தானவை சில உண்டு. அவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள், இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்தத்தான் வேண்டும். மனநிலைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியத்துக்குப் பிள்ளையின் ரத்தத்தையே சோதித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் பாலில் சேர்ந்து பிள்ளையின் தைராய்டுக்கே போகும். அதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்குப் பாலை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். வலி மாத்திரைகளில் கோடீனும் டிரமடாலும் வேண்டாம். சிலருடைய உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபின் என்ற வலுவான மருந்தாக மாற்றிவிடும், அது பாலிலும் போகும், யாருடைய உடல் அப்படி என்று வெளியே தெரியாது. கனடாவில் பிறந்து 13 நாளே ஆன ஒரு குழந்தையின் மரணம் 2006இல் மருத்துவ இதழில் வெளியானபின்தான் உலகம் இதைக் கவனித்தது. அந்த மரணத்துக்குப் பால் மட்டுமே காரணமா என்று பிறகு விவாதம் நடந்தது. ஆனாலும் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2017இல் பாலூட்டும் தாய்மாருக்கு இவை இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சீக்கிரமே தேவைப்படும்: சளி மாத்திரை. டாக்டர் சீட்டில்லாமல் வாங்கும் கூட்டு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குப் பெரிய கெடுதல் இல்லை, பால்தான் குறைந்துவிடும். ஒரு சிறிய ஆய்வில் 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை சாப்பிட்டதற்கே அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும். அலர்ஜிக்கு மாத்திரை தேவைப்பட்டால் தூக்கம் அதிகம் வராத செட்டிரிசின், லோராட்டடின் வகை நல்லது. கருத்தடை மாத்திரை கேட்கப் போனால், பால் கொடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வகை இருக்கிறது. பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி, எக்ஸ்ரே இதற்கெல்லாம் பாலை நிறுத்தவே வேண்டாம்.

தைராய்டு மாத்திரை நீங்கள் விடவே கூடாத மருந்து. லெவோதைராக்சின் என்பது உடலில் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோன்தான். சரியான அளவில் சாப்பிடும்போது பால் வழியாகப் போவது மிகச் சொற்பம், பிள்ளையைப் பாதிக்காது. விட்டால்தான் உங்களுக்குச் சோர்வு, பாலும் குறையலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்காதீர்கள், நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பத்தில் அளவைக் கூட்டியிருந்தால் இப்போது குறைக்க வேண்டியிருக்கும், அதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்தாக வேண்டும்.

இங்கேதான் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் முடி மாத்திரை குறுக்கே வருகிறது. அதன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பயோட்டின் என்ற வைட்டமினின் பெயர் போட்டிருக்கும். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது 35 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 5,000 முதல் 10,000 வரை இருக்கிறது. பிள்ளைக்குத் தீங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டுப் பரிசோதனையின் முடிவே தப்பாக வரும். அதை நம்பி மாத்திரையின் அளவை மாற்றினால் என்ன ஆகும்? பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். நான் கேட்டால் அந்த மாத்திரையே வேண்டாம் என்பேன். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிதான் இப்போது மொத்தமாக உதிர்கிறது. சில மாதங்களில் தானாகவே நிற்கும்.

பால் பவுடருக்கு வருவோம். அதைப் பிரிக்கும் முன் பாப்பாவின் டயப்பரை எண்ணுங்கள். நாளொன்றுக்கு ஆறுக்குக் குறையாமல் நன்றாக நனைகிறதா? வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் எடை ஏறுகிறதா? அப்படியென்றால் பால் போதுமான அளவு இருக்கிறது, ஊற வைக்க ஒன்றும் தேவையில்லை. ஆறேழு வாரத்தில் மார்பு முன்போல் கனக்காமல் மெத்தென்று ஆகிவிடும். பால் வற்றிவிட்டது என்று எத்தனையோ பேர் அப்போதுதான் பயந்து வருகிறார்கள். உண்மையில் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று மார்பு அளவு தெரிந்துகொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பவுடர்களில் பெரும்பாலும் வெந்தயம் இருக்கும். சமையலில் போடும் வெந்தயம் பிரச்சினை இல்லை. பவுடராகவும் கேப்ஸ்யூலாகவும் கிராம் கணக்கில் விழுங்குவது வேறு. அது சர்க்கரையைக் குறைக்கலாம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடு மோதலாம், வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு ஒவ்வாமல் போகலாம். தாயின் வியர்வையிலும் பிள்ளையின் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாடை வரும். அதே வாடை வரும் ஒரு பிறவி நோய் உண்டு, அதனால் வெந்தயமா நோயா என்று குழம்ப நேரிடும். பால் கூடுகிறதா என்பதற்கு வலுவான சான்று இல்லை. கூடவே கெல்ப் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது கடல்பாசி. அதில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கலாம், தைராய்டு உள்ள உங்களுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. எந்தெந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போடாமல், ‘விசேஷக் கலவை’ என்று மட்டும் போட்டிருக்கும் டப்பாவைத் தொடாதீர்கள். மூலிகை என்றால் பயமில்லை, டாக்டர் எழுதிய மாத்திரை என்றால் பயம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். மாத்திரையில் என்ன இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும்.

சாப்பாட்டில் உங்களை ரொம்பவே கட்டிப்போட்டிருக்கிறார்கள். வீட்டாருக்கு அக்கறைதான், ஆனால் உடல் அப்படி வேலை செய்வதில்லை. பருப்பும் முட்டைக்கோஸும் உங்கள் குடலில் வாயு உண்டாக்கலாம். அந்த வாயு குடலோடு சரி. ரத்தத்தில் ஏறி, பாலில் இறங்கி, பிள்ளையின் வயிற்றுக்குப் போக வழியில்லை. பூண்டின் வாசனை மட்டும் பாலுக்குப் போகும், அது உண்மை. பூண்டு கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த மணம் நன்றாகத் தெரிந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தார்கள்.

அப்படியென்றால் சாயங்கால அழுகை? பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை ஏறிக்கொண்டே வந்து ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். தாய் என்ன சாப்பிட்டாலும் இந்தப் போக்கு மாறுவதில்லை. இப்போது ஒன்பதாவது வாரம், இனி தானாகவே குறையத் தொடங்கும். குறைந்ததும் “முட்டைக்கோஸை நிறுத்தியதால்தான்” என்று யாராவது சொல்வார்கள்.

பசும்பாலில் மட்டும் ஒரு விதிவிலக்கு. நீங்கள் குடித்த பாலின் புரதம் தாய்ப்பால் வழியாக மிகச் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போகும். மலத்தில் ரத்தமோ சளியோ, உடம்பெல்லாம் கரப்பான், எடை ஏறாமை என்று அதற்கு அடையாளங்கள் உண்டு. அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்திப் பாருங்கள், பிறகு மறுபடி சேர்த்தும் பாருங்கள். அழுகை மட்டும்தான் என்றால் நிறுத்த வேண்டாம். நாள் முழுக்கப் பால் சுரக்க உங்கள் உடம்புக்கு வழக்கத்தைவிடச் சுமார் 400, 500 கலோரி கூடுதலாக வேண்டியிருக்கிறது. பருப்பையும் பழத்தையும் பறித்தால் பால் பெரும்பாலும் பழையபடியே வந்துகொண்டிருக்கும், நீங்கள்தான் கரைவீர்கள்.

காபி ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை குடிக்கலாம். காஃபின் 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. பெரியவர்கள் உடலில் ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், பிறந்த குழந்தையின் உடலில் பாதியாக மூன்று நான்கு நாள் ஆகும். உங்கள் பாப்பாவுக்கு இப்போது அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் இன்னும் பெரியவர்கள் வேகம் வரவில்லை. அதனால்தான் டீ, கோலா, சாக்லேட்டையும் சேர்த்து எண்ணச் சொல்கிறேன். மீன் சாப்பிடுங்கள், நல்லது. சுறா, வாள்மீன் போன்ற பெரிய கொன்றுண்ணி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அவை மட்டும் வேண்டாம். சைவம் மட்டுமே, அதுவும் பால் முட்டைகூட இல்லை என்றால் பி12 மாத்திரை கட்டாயம். தாய்க்கு அது குறைந்தால் பாலிலும் குறையும், பிள்ளையின் நரம்பு வளர்ச்சியே தடைப்படும். வைட்டமின் டி எல்லாத் தாய்ப்பாலிலும் குறைவுதான், எனவே பாப்பாவுக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், இரவில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது என்று. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். பேறு முடிந்த முதல் இரண்டு வாரத்தில் அழுகை வந்து போவது சகஜம். ஒன்பதாவது வாரத்திலும் தொடர்ந்தால் அது கவனிக்க வேண்டிய ஒன்று. தூக்கமின்மை, வலி, காய்ச்சல், பசி எல்லாம் உங்களுக்கு இருக்கிறது. தைராய்டு தாறுமாறானாலும் இப்படி வரும். பேறுகால மனச்சோர்வாகவும் இருக்கலாம். இதற்காகவே 1987இல் வந்த எடின்பரோ என்ற பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்பாட்டில் உண்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த முறை போகும்போது தைராய்டுப் பரிசோதனையோடு அதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாத்திரைதான் தேவை என்று டாக்டர் சொன்னால் பால் கெட்டுவிடாது. செர்ட்ராலின் பாலில் வருவது மிகக் குறைவு. சோதித்த பிள்ளைகள் பெரும்பாலோரின் ரத்தத்தில் அளக்கவே முடியாத அளவுதான் இருந்தது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு நாங்கள் முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

உங்களையோ பாப்பாவையோ ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட, விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், இன்றைக்குச் சாயங்காலம் பாப்பா அழும்போது வீட்டில் வேறு யாராவது ஒரு மணி நேரம் தூக்கிக்கொள்ளட்டும். நீங்கள் பருப்பு போட்டு வயிறாரச் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். பசித்தால் அவள் எழுப்புவாள்.